டம்பி என்றொரு சொல்

எங்கள் ஊருக்கு மூன்று பெயர். காகிதத்தில் ஜிர்ஜா. கெய்ரோக்காரன் வாயில் கிர்கா. எங்கள் வாயில் டிர்டா. நைலோடு தெற்கே போனால் சயீது தேசம் முழுக்க ஜகரத்தை ஒழுங்காகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் மட்டும் அந்த இடத்தில் டகரம் போடுவோம். ஒட்டகம் அவர்களுக்கு ஜமல், எங்களுக்கு டமல். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த டகரத்தோடு கெய்ரோவுக்குப் போய், பத்தொன்பது வருஷம் பேச்சை வைத்தே பிழைத்தவன் பகீத். சயீதுக்காரனாக நடிக்க வருகிற கெய்ரோ நடிகர்களுக்குப் பேச்சு திருத்துவதுதான் அவன் வேலை. டிவி தொடர் எடுக்கிற இடத்தில் டைரக்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் வசனக் கட்டு, காதில் ஹெட்போன். எழுத்து பிசகினால் போதும், கேமரா ஓடுகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டான், எழுந்துவிடுவான்.

"மாதாம், கல்பு! கல்பு! மனசுங்க! நீங்க அல்பு அல்புன்னு அந்த 'க'வை விழுங்குறீங்களே, அது என்ன மாத்திரையா?"

இன்னொரு நாள் ஒரு பெரிய நடிகரையே நிறுத்திவிட்டான். "அப்பன் அஸ்வான் பேச்சு பேசுறான், மகன் ஸோஹாக் பேச்சு பேசுறான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு அம்மாவைத்தான் கேக்கணும்!" யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நடிகர் சிரிக்கவில்லை. பகீத்துக்கு அதெல்லாம் கவலையில்லை, மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். திருத்தாமல் விட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு பேசுகிறவனுக்கு ஒரு குறை இருந்தது. அவன் வேலை செய்த தொடர்கள் எல்லாவற்றிலும் ஒரே சயீதுப் பேச்சுதான். எந்த ஊரிலும் பேசாத, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு பேச்சு. அவன் சொந்த டகரத்துக்கு அதில் இடமே இல்லை. ஒருதரம் வாய் தவறி டமல் என்றதற்கு லைட் பையன்கள் ஒரு வாரம் அவனை ஒட்டகமே என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவனே வேலை இடத்தில் ஜகரம் பேச ஆரம்பித்தான். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும்தான் டகரம்.

அப்படிப்பட்டவனிடம்தான் டைரக்டர் ஷாஹிர் வந்து, "பகீத் அண்ணே, இந்த ரமலானுக்குப் புதுசா ஒன்னு பண்றோம். கதை உங்க ஊர்ல நடக்குது. உங்க ஊர்ப் பேச்சுதான் வேணும், அந்த டகரத்தோட," என்றார். பகீத் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். இதை அவனே எங்களிடம் சொன்னான், நான் இட்டுக்கட்டவில்லை.

கதையில் ஒரு தாய். அவள் மகன் செத்துப்போகிறான். தாயாக நடித்தது மாதாம் நிஹால். நல்ல மனுஷி, உழைப்பாளி. டகரத்தை இரண்டே மாதத்தில் பிடித்துவிட்டாள். ஆனால் மகனுக்கு ஒப்பாரி வைக்கிற காட்சியில் மாட்டிக்கொண்டாள். எழுத்தாளர் எழுதிக் கொடுத்த ஒப்பாரி, வானமே பூமியே என்று நீளமாகப் போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எவளாவது வானத்தைப் பற்றிப் பேசுவாளா? ஏழு தடவை எடுத்தார்கள், ஏழு தடவையும் சப்பென்று இருந்தது. மாதாம் நிஹால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பகீத்தின் நாற்காலிக்கு வந்தாள்.

"சார், உங்க ஊர்ல நெஜமாவே எப்படி அழுவாங்க? ஏதாவது ஒன்னு சொல்லிக் குடுங்க சார்."

பகீத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் அக்கா வஹீபா அழுதது.

வஹீபாவின் மகன் பத்ரிக்கு ஏழு வயது. வீட்டுக்கு எதிர்த்த தார்ரோட்டில் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் அவனை அடித்துப் போட்டுவிட்டது. ரோட்டோரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, விதி, அவ்வளவுதான் என்றார்கள். அவன் அப்பா கலஃப் குவைத்தில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான், வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பகீத் மட்டும் கெய்ரோவிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றான். உள்ளே பெண்கள் நடுவில் வஹீபா, சாவு வீட்டு வழக்கப்படி நீலப் பொடி பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் நீட்டி முழக்கியெல்லாம் அழவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பத்ரீ... டம்பி... வா ராசா... டம்பி... மாவு பொங்கிப்போச்சு, வா... டம்பி..."

மற்ற சயீதுக்காரர்கள் ஜம்பி என்பார்கள். என் பக்கத்தில் என்று அர்த்தம். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போதும், தூங்க வைக்கும்போதும், பஸ்ஸில் இடம் பிடித்துக்கொண்டு கூப்பிடும்போதும் எங்கள் பெண்கள் சொல்கிற சொல் அது. என் பக்கத்துல வா. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதைப் பகீத் மாதாம் நிஹாலுக்குச் சொல்லிக் கொடுத்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பேச்சு என்றால் அவன் சொத்து என்கிற நினைப்பு அவனுக்கு.

எட்டாவது தடவை எடுத்தபோது மாதாம் நிஹால் அழுத அழுகையில் மேக்கப் பெண் ஓவென்று கதறிவிட்டாள். லைட் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷாஹிர் "கட்" சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஓடிவந்து பகீத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னமெல்லாம் ஈரம்.

"பகீத் அண்ணே! என்ன சொல்லு அண்ணே அது! 'என் குத்தம்... என் குத்தம்...' ஒரு தாய் மகன் பொணத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு 'என் குத்தம்'னு அழுவுறா! எந்த எழுத்தாளன் எழுதுவான் இதை?"

பகீத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. கெய்ரோவில் 'என் குற்றம்' என்பதற்கு ஸம்பி என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள்தான் எதையும் டகரமாக்குவார்களே, ஸம்பியும் டம்பி ஆகியிருக்கும் என்று ஷாஹிர் அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

'இல்லைங்க உஸ்தாத், அது குத்தம் இல்லை, பக்கத்துலன்னு அர்த்தம்.' இவ்வளவுதான் சொல்லவேண்டியது. பகீத் வாயைத் திறந்தான். அதற்குள் ஷாஹிர் யூனிட்டைப் பார்த்து, "எல்லாரும் கை தட்டுங்கப்பா, இந்த மனுஷனுக்குக் கை தட்டுங்க!" என்றார். எழுபது பேர் கை தட்டினார்கள். ஒட்டகமே என்று கூப்பிட்ட பையன்களும் தட்டினார்கள். மாதாம் நிஹால் அவன் தோளில் முத்தமிட்டாள். "டைட்டில்ல உங்க பேரு தனியா வரும் அண்ணே," என்றார் ஷாஹிர்.

பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாகப் பகீத் திருத்தவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம் ஷாஹிர் எழுத்தாளரோடு பேசிக்கொண்டிருந்தார், குறுக்கே போகக்கூடாது என்று இருந்துவிட்டான். மறுநாள் புது வசனக் கட்டு வந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக் கதையையே மாற்றிவிட்டார்கள். மகன் சாவுக்குத் தாய்தான் காரணம், அவள் ஒளித்து வைத்த குற்றம் ஒன்று இருக்கிறது, பத்தொன்பதாம் பாகத்தில் அவள் வாயாலேயே ஒத்துக்கொள்வாள். பகீத் அந்தக் கட்டை வாங்கி, உள்ளே இருந்த டகரங்களை எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ரமலான் வந்தது. பதினேழாம் நாள், நோன்பு திறந்து எல்லோரும் இனிப்புத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்த நேரத்தில் அந்த ஒப்பாரி வந்தது. நாடே அழுதது. பகீத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. அவன் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. பேஸ்புக்கில் எழுதினான்: 'இது என் அக்கா வஹீபா தன் மகன் பத்ரிக்காக அழுதது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.' கீழே எங்கள் ஊர்க்காரர்கள் நானூறு பேர் இதயம் போட்டார்கள். அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நோன்பு நேரம், சமையல் வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் பத்தொன்பதாம் பாகம். மாதாம் நிஹால் கேமராவைப் பார்த்து, "டம்பி! டம்பிதான்! எம் புள்ளையைக் கொன்னது நான்தான்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அது முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, குவைத்திலிருந்து கலஃப் கூப்பிட்டான். சலாம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"மாப்ளே, எம் பொண்டாட்டி என்ன குத்தம் செஞ்சா?"

"என்ன அத்தான் கேக்குதிய? அது நாடகம் அத்தான்!"

"நாடகமா? ஒரு எழுத்துகூட மாத்தலைன்னு எழுதியிருக்கியே. இங்க ரூம்ல பன்னெண்டு பேர். அத்தனை பேரும் எம் மூஞ்சியப் பாக்குதானுவ. ஒருத்தன் வந்து, விடும்வே, அல்லா மன்னிப்பான்னு முதுகுல தட்டிட்டுப் போறான். எதை மன்னிக்கணும்? என்கிட்ட சொல்லாத எதை அவ உன்கிட்ட சொன்னா?"

"அத்தான், நீங்களும் நம்ம ஊருதானே! டம்பின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? பக்கத்துல! அவ்வளவுதான்! டைரக்டரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு, நான் திருத்தாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

அந்தப் பக்கம் கலஃப் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

"நீ திருத்தாம விட்டியா? யாரு, நீ? எங் கல்யாணத்துல இமாம் ஓதும்போதே உச்சரிப்பு சரியில்லன்னு எழுந்திருச்சவன்லே நீ! மாப்ளே, அக்காவுக்காகப் பொய் சொல்லுத. நல்ல மனசுதான். ஆனா நம்புத மாதிரி ஒரு பொய் சொல்லு."

"நெசமாத்தான் அத்தான், பத்ரி மேல ஆணையா..."

"அவன் பேர இழுக்காதலே," என்று கலஃப் போனை வைத்துவிட்டான்.

பகீத் அப்போதே ஷாஹிரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். கடைசிப் பாகத்திலாவது மாற்றுங்கள், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்றுதான் அர்த்தம் என்று கெஞ்சினான். ஷாஹிர் முதலில் சிரித்தார், பிறகு கொஞ்சம் எரிச்சலானார். "அண்ணே, இன்னைக்கு நாட்டுல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் டம்பின்னா குத்தம்னுதான் சொல்லும். இனிமே அதுதான் அர்த்தம். அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா சரி. இப்பச் சொல்லி என்ன பிரயோஜனம்?" அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் பகீத்தைக் குத்தியது.

மறுநாள் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை ஏறி, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் எங்கள் ஊரில் இறங்கினான். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரன் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "டம்பி, டம்பி!" என்று நெஞ்சில் அடித்துக்காட்டிச் சிரித்தான். அன்பாகத்தான் செய்தான், எங்கள் ஊர் பேர் டிவியில் வந்துவிட்டது என்கிற பெருமை அவனுக்கு. பகீத் அந்த ஆட்டோவில் ஏறவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் வெயிலில் நடந்தே போனான்.

வஹீபா முற்றத்தில் இருந்தாள். வட்ட வட்ட மண் தட்டுகளில் ரொட்டி மாவு வைத்து வெயிலில் பொங்கவிட்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்து வந்திருந்தான். அவள் திட்டவில்லை.

"வாலே பகீத்து. நோன்போட நடந்தா வந்த? முகமெல்லாம் செவந்து போச்சு. நிழலுக்கு வா."

"யக்கா, என்னைச் செருப்பால அடி."

"எதுக்கு, செருப்பு பிஞ்சா யாரு தைக்குதது?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது.

பகீத் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மாதாம் நிஹால் கேட்டது, தான் சொல்லிக் கொடுத்தது, ஷாஹிர் கட்டிப்பிடித்தது, எழுபது பேர் கை தட்டியது. "அந்தக் கைதட்டலுக்காக வாயை மூடிக்கிட்டேங்கா. வேற ஒரு காரணமும் இல்ல. அத்தான்கிட்ட சொன்னேன், நம்ப மாட்டேங்காரு. நீ அவருகிட்ட பேசுக்கா. நீ சொன்னா நம்புவாரு."

வஹீபா ஒரு மாவுத் தட்டைத் திருப்பி வைத்தாள்.

"அவரு கேட்டாரு. முந்தாநாளே கேட்டாரு. 'என்ன குத்தம் செஞ்ச, உள்ளதைச் சொல்லு'ன்னாரு. சொல்லிட்டேன்."

"என்னத்தைச் சொன்ன?"

"நான்தான் அனுப்பினேன்லே."

பகீத்துக்கு விளங்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் மாவைப் பார்த்தே பேசினாள்.

"பத்ரி வெளையாடப் போகல. ரொட்டி மாவைப் பொங்க வைக்குத புளிமாவு தீந்து போச்சு. எதுத்த வீட்டு உம்மு ஸய்யிதுகிட்ட ஒரு உருண்டை வாங்கிட்டு வான்னு நான்தான் சொன்னேன். கையில கிண்ணம்கூடக் குடுக்கல, அவகிட்டயே வாங்கிக்கோன்னு சொன்னேன். அவன் அவ வீட்டுக்குப் போயே சேரலியே, அதனால யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கல, நானும் சொல்லல. மறைக்கணும்னு இல்லலே. எந்தத் தாய் புள்ளைய எதுத்த வீட்டுக்கு அனுப்பல? மூணு வருசமா அதை நான் ஒரு குத்தமா நெனைச்சதே இல்ல. புள்ள போச்சேன்னுதான் அழுதேன்."

"நீ அவருகிட்ட சொல்லியிருக்க வேண்டாமேக்கா..."

"அவரு ஆணை வச்சுக் கேக்காரு. பொய்யா சொல்ல? 'மூணு வருசமா என்கிட்ட மறைச்சிருக்க'ன்னாரு. அதுக்கு மேல ஒரு சொல்லு பேசல. தினம் மூணு மணிக்குக் கூப்பிடுத மனுசன். நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

போன் ஜன்னல் விளிம்பில் சார்ஜில் கிடந்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பகீத் அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எவனோ ஒருத்தன் தலையைத் தட்டி, இந்தா, அந்த நாளுக்குத் திரும்பிப் போ என்று சொல்லமாட்டானா என்று இருந்தது அவனுக்கு. ஒரு வரி. 'இல்லைங்க உஸ்தாத்' என்று ஆரம்பிக்கிற ஒரு வரி. ஊரில் உள்ள அத்தனை நடிகனின் வாயையும் பிடுங்கித் திருத்தியவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லையே.

"ஒன்னு கேக்குதேன், உள்ளதைச் சொல்லு," என்றாள் வஹீபா. "அன்னைக்கு நீ வாசல்ல நின்ன. உன் காதால கேட்ட. நான் எதைச் சொல்லி அழுதேன்?"

"பக்கத்துலன்னு. என் பக்கத்துல வான்னு."

"நல்லா நெனைச்சுச் சொல்லு."

"யக்கா, என்ன கேக்குத நீ? நம்ம சொல்லுக்கா அது! சின்ன வயசுலேர்ந்து நீ என்னையே எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டிருக்க!"

"அப்படித்தான் நானும் நெனைச்சிட்டு இருந்தேன்." வஹீபா மாவு ஒட்டின விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "ஆனா அந்தப் பொம்பளை அழுதாளே, அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கே தெரியல. ரெண்டு நாளா திரும்பத் திரும்பச் சொல்லிப் பாக்குதேன். ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. அன்னைக்கு அவனைக் கூப்பிட்டேனா, இல்ல ஒத்துக்கிட்டேனா? எனக்குத் தெரியலலே."

"கூப்பிட்டக்கா. சத்தியமா நீ அவனைக் கூப்பிட்ட."

"நீ அப்படித்தான் சொல்லுவ. எந்தம்பில்லா நீ," என்றாள். குரலில் கோபம் இல்லாததுதான் அவனுக்குப் பொறுக்க முடியவில்லை.

முற்றத்து வெயில் சுவர்மேல் ஏறிவிட்டிருந்தது. இனி மாவு பொங்காது, அடுப்பு மூட்டவேண்டும். அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் தூக்கி அடுப்புப் பக்கம் வைத்தாள். பகீத் எழுந்து உதவப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அந்த டைரக்டருகிட்ட நீ அன்னைக்கே சொல்லியிருந்தா," என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே, "எனக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்குமாலே?"

"வந்திருக்காதுக்கா," என்றான் பகீத்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, கரும்புச் சக்கையை ஒடித்து அடுப்பில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.